வெள்ளை யானை என்றால் வீண் செலவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் 'வைட் எலிஃபண்ட்' என்று ஒரு வழக்கு இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகைகளும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு 'வெள்ளை யானைத் திட்டம்' என்று தலைப்புப் போடுகின்றன. அப்படி ஒரு தலைப்பைப் பார்த்துவிட்டு என் அத்தை கேட்டார்: "ஐராவதம் மாதிரி உசத்தியான திட்டம்னு பாராட்டுறானா?" நேர் எதிர்ப் பொருள் என்று நான் சொன்னதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வெள்ளை யானை எப்படிக் கெட்டதாகும் என்றார். நல்ல கேள்விதான். அவரும் மற்றவர்களும் அப்புறம் கேட்டவற்றையெல்லாம் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இந்த வழக்குக்கு என்ன பொருள்?

பராமரிக்கப் பெரும் செலவு வைக்கும், அந்தச் செலவுக்கு ஏற்ற பயன் தராது, சுலபத்தில் கைகழுவவும் முடியாது. இந்த மூன்றும் ஒரே பொருளிடம் சேர்ந்திருந்தால் அது வெள்ளை யானை.

மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். துணி காயப்போட மட்டும் பயன்படும் டிரெட்மில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அது வீண்தான், ஆனால் வெள்ளை யானை இல்லை. ஒரு மூலையில் சும்மா நிற்கிறது, சோறு கேட்பதில்லை, பழைய சாமான்காரரைக் கூப்பிட்டால் போய்விடும். ஊரில் யாரும் குடியிருக்காத தாத்தா வீடு வேறு மாதிரி. ஓடு மாற்ற வேண்டும், வரி கட்ட வேண்டும், காவலுக்கு ஆள் போட வேண்டும். விற்கலாம் என்றால் பதினோரு பங்காளிகள் கையெழுத்துப் போட வேண்டும், அதில் இருவர் பேசிக்கொள்வதில்லை. இது அசல் வெள்ளை யானை.

விலை அதிகமான எதையும் அப்படிச் சொல்லலாமா?

கூடாது. மெட்ரோ ரயிலுக்குக் கோடிக்கணக்கில் செலவாகிறது, ஆனால் மக்கள் ஏறுகிறார்கள். ஆளில்லாமல் ஓடினால் அப்போது பேசலாம்.

இது எங்கிருந்து வந்தது?

எல்லோரும் சொல்கிற கதை இது. சயாம் நாட்டு அரசருக்கு, அதாவது இன்றைய தாய்லாந்து அரசருக்கு, ஒரு பிரபுவைப் பிடிக்காமல் போனால் அவருக்கு ஒரு வெள்ளை யானையைப் பரிசாக அனுப்பிவிடுவாராம். புனிதமான யானை என்பதால் வேலை வாங்க முடியாது. அரசர் கொடுத்தது என்பதால் விற்கவும் முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. ராஜ மரியாதையோடு அதற்குத் தீனி போட்டே அந்த மனிதர் ஓட்டாண்டியாகிவிடுவார். தண்டனை கொடுத்த மாதிரியும் தெரியாது, ஆளும் காலி.

கச்சிதமான கதை. வாட்ஸாப்பில் வந்தால் நானும் நாலு பேருக்கு அனுப்பியிருப்பேன்.

அந்தக் கதை உண்மையா?

நான் நம்பவில்லை. காரணம் சொல்கிறேன்.

சயாமிலும் பர்மாவிலும் வெள்ளை யானை என்பது அரசுரிமையின் அடையாளம். புத்தரின் தாய் மாயாதேவி கருவுற்றபோது கனவில் வந்தது வெள்ளை யானை. நாட்டில் ஒரு வெள்ளை யானை கிடைத்தால், அரசர் தர்மப்படி ஆள்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி என்று நினைத்தார்கள். எத்தனை யானை சேர்கிறதோ அத்தனை பெருமை. பர்மாவில் 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஒரு மன்னரின் பெயரே சின்பியூஷின், வெள்ளை யானைகளின் அதிபதி என்று பொருள். சயாமின் கொடியில் 1917 வரை சிவப்புத் துணியில் வெள்ளை யானைதான் நின்றது. தாய்லாந்தில் 1921ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெள்ளை யானை யாருக்குக் கிடைத்தாலும் அரசரிடம் ஒப்படைக்க வேண்டும்.

அப்படிப்பட்ட யானையைப் பிடிக்காதவன் வீட்டு வாசலில் எந்த அரசர் கட்டுவார்? எதிரியை ஒழிக்க நம் ஊர் ராஜா தன் செங்கோலைத் தூக்கி அவன் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும். யானையோடு சேர்ந்து அரியணை மேல் உரிமையும் போய்விடும்.

அந்த யானைக்காக அவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்று பாருங்கள். 1563இல் பர்மிய மன்னர் பயின்னௌங், சயாமின் அன்றைய தலைநகரான அயுத்தியாவின் மன்னர் மகா சக்ரபத்திடம் இரண்டு வெள்ளை யானைகள் கேட்டு ஆள் அனுப்பினார். அவர் மறுத்துவிட்டார். பர்மியப் படை கிளம்பியது. 1564இல் அயுத்தியா பணிந்தபோது, இரண்டு கேட்ட இடத்தில் நான்கு யானைகளைக் கொடுக்க வேண்டியதாயிற்று, ஓர் இளவரசரையும் பிணையாக அனுப்ப வேண்டியிருந்தது. யானை ஒரு சாக்குதான், பயின்னௌங்குக்கு வேண்டியிருந்தது மேலாதிக்கம் என்பது யாருக்கும் புரியும். ஆனாலும் சாக்காகச் சொல்ல வெள்ளை யானை போதுமானதாக இருந்தது. தாய்லாந்து வரலாற்றில் இந்தப் போருக்கு வெள்ளை யானைப் போர் என்றே பெயர்.

கதை பொய் என்றால் ஆங்கிலேயருக்கு இந்தச் சொல் எப்படிக் கிடைத்தது?

பயணிகள் எழுதியதிலிருந்து. அவர்களில் ரால்ஃப் ஃபிட்ச் என்ற லண்டன் வணிகர் முக்கியமானவர். 1583இல் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பி, இந்தியா முழுக்கச் சுற்றி, பர்மாவின் பெகு நகருக்குப் போனார். திரும்பும் வழியில் இலங்கையையும் கொச்சியையும் பார்த்துவிட்டு 1591இல் ஊர் போய்ச் சேர்ந்தார்.

பெகு அரண்மனையில் நான்கு வெள்ளை யானைகளைப் பார்த்ததாக அவர் எழுதியிருக்கிறார். அவை தின்பது பொன்முலாம் பூசிய வெள்ளிப் பாத்திரங்களில். ஆற்றுக்குக் குளிக்கப் போனால் தலைக்கு மேல் பட்டு விதானம், அதைத் தூக்கிப் பிடிக்க ஆறு அல்லது எட்டுப் பேர், முன்னால் மேளதாளம். கரையேறியதும் வெள்ளித் தாம்பாளத்தில் கால் கழுவிவிட ஒரு பெரிய மனிதர் காத்திருப்பார். வேறு எந்த அரசனிடமாவது வெள்ளை யானை இருப்பது தெரிந்தால் பெகு மன்னர் கேட்டு அனுப்புவார், தராவிட்டால் போர்தான் என்றும் எழுதுகிறார்.

இதை லண்டனில் உட்கார்ந்து படிக்கும் ஒரு கடைக்காரருக்கு என்ன தோன்றும்? மூட்டை தூக்காத, மரம் இழுக்காத ஒரு விலங்குக்கு இத்தனை செலவா என்றுதான் தோன்றும். திருவிழாவில் தேர் இழுப்பதைப் பார்த்துவிட்டு, இந்த வண்டி எந்த ஊருக்கும் போகாதே என்று கேட்பது போன்ற கணக்கு அது. என் பார்வையில் இந்த வழக்கு பிறந்த இடம் அந்தக் கணக்குதான். பிரபுவைத் தண்டிக்கும் கதை, பின்னால் அதற்குப் பொருத்தமாகத் தைக்கப்பட்ட சட்டை.

அச்சில் கிடைக்கும் பழைய ஆங்கில உதாரணம் ஒன்று 1721இல் 'லண்டன் ஜர்னல்' பத்திரிகையில் வந்தது. புகழும் வெற்றியும் பெரும்பாலும் வெள்ளை யானைகள்தான், அவற்றுக்காகவே நாசமான போர்கள் நடந்திருக்கின்றன என்பது அதன் சாரம். கவனித்தீர்களா, அங்கே தண்டனைப் பரிசுக் கதை இல்லை. பயின்னௌங்கின் போர் மாதிரி ஒன்றுதான் அதை எழுதியவர் மனத்தில் இருக்கிறது. இன்றைய பொருள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தெளிவாக வந்துவிட்டது. ஜெரால்டைன் ஜூஸ்பரி என்ற நாவலாசிரியர் 1851இல் எழுதிய கடிதத்தில், ஒருவர் செய்யும் உதவிகள் வெள்ளை யானைகள் மாதிரி, யாருக்கும் பயன்படாது, நம் நன்றியை மட்டும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்று சலித்துக்கொள்கிறார். அப்படிப்பட்ட உதவிக்காரர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

வெள்ளை யானை நிஜமாகவே வெள்ளையா?

இல்லை. பெரும்பாலும் செம்மண் கலந்த சாம்பல், அல்லது மங்கலான இளஞ்சிவப்பு. நனைந்தால் சிவப்புத் தூக்கலாகத் தெரியும். தாய் மொழியில் அதற்கு 'சாங் ஃபுயக்' என்று பெயர். அதில் உள்ள நிறச்சொல்லுக்கு வெளிறிய, நிறம் குறைந்த என்ற பொருள்தான், பால் வெள்ளை என்று இல்லை. கண், மேலண்ணம், நகம், வால் முடி, தோல் என ஒவ்வொன்றையும் அரண்மனை வல்லுநர்கள் பார்த்த பிறகே முடிவு செய்வார்கள். சாதாரணக் கண்ணுக்கு அது பக்கத்தில் நிற்கும் யானையைப் போலவே தெரியலாம்.

இது தெரியாமல் ஒருவர் நன்றாக மாட்டிக்கொண்டார்.

யார் அவர்?

பி. டி. பார்னம். அமெரிக்க சர்க்கஸ் முதலாளி, விளம்பரத்தில் மன்னன். பர்மாவிலிருந்து 'டௌங் டலௌங்' என்ற வெள்ளை யானையைப் பெரும் செலவில் வரவழைத்தார். 1884இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் சில வாரம் நிறுத்தி, அப்புறம் நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். பனி மாதிரி வெளுத்த யானையைப் பார்க்க வந்த கூட்டம், சாம்பல் உடம்பில் அங்கங்கே இளஞ்சிவப்புத் திட்டோடு நின்ற யானையைப் பார்த்து முகம் சுளித்தது. வாழ்நாள் முழுக்க ஊரை ஏமாற்றியவர் ஒரு தடவை அசல் சரக்கைக் கொண்டுவந்தார், அதைப் போய் யாரும் நம்பவில்லை.

இதற்குள் அவருடைய போட்டியாளர் ஆடம் ஃபோர்பா, தன்னிடம் இருந்த சாதாரண யானைக்கு வெள்ளையடித்து 'ஆசிய ஜோதி' என்று பெயர் வைத்துக் காட்டத் தொடங்கினார். அது பார்க்க வெள்ளையாக இருந்ததால் கூட்டம் அங்கேதான் போனது. பூச்சு என்பது பத்திரிகைகளில் அம்பலமான பிறகும் சண்டை ஓயவில்லை. டௌங் டலௌங் 1887இல் கனெக்டிகட் மாநிலத்தில் பார்னமின் குளிர்காலக் கொட்டகை எரிந்தபோது இறந்துபோனது.

பர்மாவின் கடைசி மன்னர் தீபாவின் கதையும் கிட்டத்தட்ட அதே காலம். 1885 நவம்பரில் ஆங்கிலேயர் தலைநகர் மாண்டலேயைப் பிடித்து அவரைக் கப்பலேற்றினார்கள். அவர் முதலில் வந்து இறங்கியது நம் சென்னையில். சில மாதம் இங்கே வைத்திருந்துவிட்டு ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். மாண்டலே அரண்மனையில் இருந்த வெள்ளை யானை, மன்னர் போன கொஞ்ச நாளிலேயே இறந்தது.

சயாம் அரசர் ஆபிரகாம் லிங்கனுக்கு வெள்ளை யானை அனுப்பினாராமே?

அனுப்பவில்லை, அனுப்பவா என்று கேட்டார். அதுவும் சாதாரண யானைகளை. அமெரிக்கக் காடுகளில் யானை கிடையாது என்று கேள்விப்பட்ட மோங்குட் மன்னர், 1861இல் ஒரு கடிதம் எழுதினார்: ஆணும் பெண்ணுமாகச் சில யானைகளை அனுப்புகிறேன், காட்டில் விட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள், பாரம் சுமக்க உதவும். கடிதம் போய்ச் சேர்வதற்குள் அங்கே ஜனாதிபதி மாறிவிட்டார். 1862 பிப்ரவரியில் லிங்கன் பதில் போட்டார்: எங்கள் நாட்டின் தட்பவெப்பம் யானை பெருகுவதற்குத் தோதானது இல்லை, நீராவிதான் எங்களுக்குப் போக்குவரத்து. உள்நாட்டுப் போர் நடுவில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு மரியாதையாக 'வேண்டாம்' சொன்னது பெரிய விஷயம்.

தமிழில் இதற்குச் சமமாக என்ன சொல்லலாம்?

'யானையைக் கட்டித் தீனி போடுவது' என்று நம் வாயில் தலைமுறைகளாகப் புழங்குகிற வழக்கு இருக்கிறது. "இந்தக் காரை வச்சிருக்கிறது யானையைக் கட்டித் தீனி போடுற மாதிரி" என்றால் கேட்கிறவருக்கு உடனே புரியும். இதில் நிறமும் இல்லை, அரசரும் இல்லை. வளர்ந்த ஆசிய யானை ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தின்னும், அந்தக் கணக்கு மட்டும்தான். ஒரே குறை, தமிழ் வழக்கு செலவை அழுத்துகிற அளவுக்குப் பயனின்மையை அழுத்துவதில்லை. பயனுள்ள ஒன்றையும் செலவு தாங்காமல் அப்படிச் சொல்வோம். செய்தித் தலைப்புக்கு 'வெள்ளை யானை' வசதி என்று நினைப்பதற்கு அது காரணமாக இருக்கலாம். ஆனால் பேச்சில் நான் தீனியைத்தான் பிடித்துக்கொள்வேன்.

யானைத் தீனிக் கணக்கு நமக்குப் புதிதும் இல்லை. புறநானூற்றின் 184ஆம் பாட்டில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி வாங்கும் முறையைச் சொல்ல யானையைத்தான் இழுக்கிறார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் ஒரு மாவுக்கும் (மா என்பது பழைய நில அளவு) குறைவான நிலம்கூடப் பல நாளுக்கு வரும். யானை தானே வயலில் இறங்கினால் நூறு வயல் இருந்தாலும், வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். யானையைப் பக்கத்தில் வைத்து வளர்த்துப் பார்த்த ஊர்க்காரர் சொல்கிற பேச்சு இது.

நம் அரசர்களும் புலவர்களுக்கு யானை பரிசு கொடுத்தார்களே, அதுவும் தண்டனையா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் என் கையில் கிடைத்தால் ஒரு காபி வாங்கிக் கொடுப்பேன். குடிசையில் அடுப்பெரியாத புலவருக்கு யானை எதற்கு என்று எனக்கும் சின்ன வயதில் தோன்றியதுண்டு. ஆனால் பாட்டுகளில் அது பாரமாக வருவதே இல்லை. புறநானூறு 162இல் பெருஞ்சித்திரனாரைப் பாருங்கள். இளவெளிமான் என்ற சிற்றரசன் அவரைச் சரியாக மதிக்காமல் கொஞ்சமாகக் கொடுத்தான். அவர் அதை வாங்காமல் வள்ளல் குமணனிடம் போய் யானை பெற்றுவந்தார். வந்தவர் நேரே வீட்டுக்குப் போகவில்லை. இளவெளிமானின் ஊருக்கே ஓட்டிக்கொண்டு போய், அவனுடைய காவல்மரத்தில், மரம் வருந்தும்படி, யானையைக் கட்டினார். கொடுக்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள், இதோ பார், நான் பெற்ற பரிசில் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். வாங்கியவரை நொடிக்க வைக்கிற பரிசாக அதை யாரும் பார்க்கவில்லை. கொடுத்தவனின் அளவைக் காட்டும் பரிசு அது.

'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்று சொல்கிற மொழிக்கு, பயனில்லாத யானை என்ற எண்ணமே கொஞ்சம் அந்நியம்தான்.

ஐராவதத்துக்கும் இந்த வழக்குக்கும் தொடர்பு உண்டா?

வழக்கோடு நேரடித் தொடர்பு இல்லை, யானையோடு உண்டு. இந்திரனின் ஐராவதம் சயாமுக்கும் போனது, அங்கே அதற்கு 'எராவன்' என்று பெயர். நம் பக்கம், துர்வாசர் சாபத்தால் வெள்ளை நிறம் இழந்த ஐராவதம் அதைத் திரும்பப் பெற்ற இடம் என்பது தாராசுரத்தின் தலபுராணம். இரண்டாம் இராசராச சோழன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலில் சுவாமிக்குப் பெயரே ஐராவதேசுவரர். திருவிளையாடற் புராணத்தில் மதுரைக்கும் அப்படி ஒரு கதை உண்டு. திருவஞ்சைக்களத்திலிருந்து சுந்தரர் கயிலாயம் போனது வெள்ளை யானை மேல். இத்தனையும் கேட்டு வளர்ந்த என் அத்தைக்கு வெள்ளை யானை என்றதும் வீண் செலவு நினைவுக்கு வராததில் என்ன ஆச்சரியம்?

நிஜ உதாரணங்கள் சொல்லுங்கள்.

இலங்கையின் மத்தள விமான நிலையம். 2013 மார்ச்சில் திறந்தார்கள், பெரும்பகுதி சீனக் கடன். விமான நிறுவனங்கள் வந்த வேகத்தில் விலகின. ஒரு கட்டத்தில் அதன் சரக்குக் கட்டடத்தில் நெல் மூட்டை அடுக்கினார்கள். சுற்றிலும் காட்டு யானைகள் நடமாடுகிற பகுதி அது, பெயர் பொருத்தம் அமோகம்.

கனடாவில் மான்ட்ரியல் ஒலிம்பிக் அரங்கம். போட்டி நடந்தது 1976இல், கடனைக் கட்டி முடித்தது 2006இல். வட கொரியத் தலைநகரில் 105 மாடி ரியுக்யோங் ஹோட்டல் வேலை 1987இல் தொடங்கியது, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் ஒரு விருந்தாளிகூட அங்கே தங்கவில்லை.

'அறைக்குள் யானை' என்கிறார்களே, அதுவும் இதுதானா?

இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய் திறக்காத விஷயத்தைச் சொல்வது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் வேலை போனதைப் பற்றி ஒருவரும் பேசாமல் சாம்பாரைப் பற்றியே பேசுவது மாதிரி.

வெள்ளை யானையைப் பெருமையாக ஏற்றுக்கொண்டவர் யாராவது உண்டா?

உண்டு, அமெரிக்க பேஸ்பாலில். 1902இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் மேலாளர் ஜான் மக்ராவ், பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அணியை அதன் முதலாளிகள் தலையில் விழுந்த வெள்ளை யானை என்று கேலி செய்தார். அந்த அணியின் மேலாளர் கானி மேக் கோபப்படவில்லை, யானையையே அணிச் சின்னமாக்கிக்கொண்டார். அதே ஆண்டு அவர்கள் தங்கள் லீகில் முதலிடம் பிடித்தார்கள். அணி ஊர் ஊராக மாறியது, நடுவில் சில காலம் யானையைக் கைவிட்டார்கள், பிறகு மறுபடியும் கொண்டுவந்தார்கள்.

அமெரிக்க ஆபீஸில் 'வைட் எலிஃபண்ட் பார்ட்டி'க்குப் பரிசு கொண்டுவரச் சொல்கிறார்கள். நல்ல பரிசு வாங்கிப் போகலாமா?

வேண்டாம். நான் முதல் தடவை வெள்ளிக் குங்குமச்சிமிழ் கொண்டுபோய் அசடு வழிந்தேன். எனக்குக் கிடைத்தது மீன் பொம்மை, பட்டனை அழுத்தினால் பாடும். கிறிஸ்துமஸ் சமயத்தில் நடக்கும் விளையாட்டு அது. எல்லோரும் ஒரு பொட்டலம் கொண்டுவந்து நடுவில் வைப்பார்கள். வரிசைப்படி ஒவ்வொருவராக ஒன்றை எடுத்துப் பிரிக்கலாம், அல்லது முன்பு ஒருவர் பிரித்ததைப் பிடுங்கிக்கொள்ளலாம். பிடுங்குவதுதான் சுவாரசியமே, கோபித்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் சும்மா கிடக்கிற வேடிக்கையான பொருள் போதும், மேல் வரம்பு எவ்வளவு என்று மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். மீன் பொம்மையை அடுத்த ஆண்டு அதே பார்ட்டிக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். போட்டி போட்டுக்கொண்டு மூன்று பேர் பிடுங்கினார்கள்.